கோபன்ஹேகன்: வரலாறும் சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டென்மார்க்கின் தலைநகருக்குக் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. கட்டணங்கள் ஆண்டுதோறும் ஏறுவதால் அவற்றைச் சேர்க்கவில்லை. திறக்கும் நேரத்தைப் போகிற வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் பூட்டியிருக்கும்.

ஊர் எவ்வளவு பழையது? பெயருக்கு என்ன அர்த்தம்?

டேனிஷ் பெயரைப் பிரித்தால் 'வணிகர் துறை'. தொடக்கத்தில் வெறும் 'ஹவ்ன்', அதாவது துறை என்றே அழைத்திருக்கிறார்கள். மீன்பிடி கிராமமாக இருந்த இடத்தில் 1167ஆம் ஆண்டு ஆப்சலோன் என்ற பிஷப் ஒரு கோட்டை கட்டினார். அது இருந்த திட்டின் மேல்தான் இன்றைய கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனை நிற்கிறது. 1369இல் லூபெக் முதலான ஜெர்மானிய வணிக நகரங்களின் கூட்டணி கோட்டையைத் தரைமட்டமாக்கியது. மிச்சமிருக்கும் அடித்தளக் கற்களை அரண்மனைக்குக் கீழே இறங்கிப் பார்க்கலாம். தனிச் சீட்டு வேண்டும், அரை மணி நேரம் போதும்.

1443 முதல் இது தலைநகரம். பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். பால்டிக் கடலுக்குள் போகும் கப்பல்கள் ஊருக்கு வடக்கே ஹெல்சிங்கோர் என்ற இடத்தில் குறுகலான நீரிணையைக் கடந்தாக வேண்டும். 1429 முதல் 1857 வரை அங்கே சுங்கம் வசூலித்தார்கள். நானூறு ஆண்டுக்கும் மேலாக உட்கார்ந்த இடத்தில் வந்த வருமானம்.

எங்கே போனாலும் 'கிறிஸ்டியன் 4' என்கிறார்களே, யார் அவர்?

1588இல் பதினோரு வயது நிரம்பச் சில நாள் இருக்கும்போது பட்டத்துக்கு வந்து 1648இல் இறக்கும்வரை ஏறக்குறைய அறுபது ஆண்டு அரசராக இருந்தவர். கட்டடம் கட்டுவதில் தீராத ஆசை, போரிலும் அதே ஆசை. முதலாவதில் ஜெயித்தார், இரண்டாவதில் பெரும்பாலும் தோற்றார். ரோசன்போர்க் அரண்மனை (1606இல் தொடங்கியது), கால்வாய்ப் பேட்டையான கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன், போர்சன் என்ற பங்குச்சந்தைக் கட்டடம் (1619இல் தொடங்கியது), கடற்படையினருக்கான நியூபோடர் வரிசை வீடுகள் (1631), வட்டக் கோபுரம் (1637–1642) எல்லாம் அவர் கட்டியவை. தீப்பிடித்து அழிந்த ஆஸ்லோவை 1624இல் இடம் மாற்றிக் கட்டித் தன் பெயரையே வைத்தவரும் இவர்தான்.

நடக்கும்போது சுவர்களை அண்ணாந்து பாருங்கள். 'சி' என்ற ரோமன் எழுத்தின் வயிற்றுக்குள் 4 என்ற எண் உட்கார்ந்திருக்கும் முத்திரை தெரிந்தால் அது அவர் வேலை. வட்டக் கோபுரத்தின் இரும்புக் கம்பி வேலைப்பாட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் யார் முதலில் கண்டுபிடிப்பது என்று பந்தயம் வைத்தால் கால்வலி பேச்சு வராது.

தரங்கம்பாடிக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியை 1616இல் தொடங்க அனுமதித்தவர் அதே கிறிஸ்டியன் 4. 1618 நவம்பரில் ஓவ கெத்த என்ற இளம் பிரபுவின் தலைமையில் கப்பல்கள் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பின. போன இடம் தரங்கம்பாடி அல்ல, இலங்கை. கண்டி அரசர் போர்ச்சுகீசியருக்கு எதிராக உதவி கேட்கிறார் என்று ஒரு டச்சுக்காரர் சொன்னதை நம்பிப் போனார்கள். 1620 மே மாதம் சென்று சேர்ந்தபோது பேச்சு பலிக்கவில்லை. பிறகுதான் சோழமண்டலக் கரைக்குத் திரும்பி, 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியைப் பெற்றார்கள். டேன்ஸ்போர்க் கோட்டை அப்படி வந்தது. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய, ஓலை வடிவில் தங்கத் தகட்டில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் சொத்து.

முப்பதாண்டுப் போரில் 1626இல் அரசர் தோற்றதும் கம்பெனிக்குக் காசு வறண்டது. 1643க்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலாக டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடத் தரங்கம்பாடிக்கு வரவில்லை. 1669இல்தான் அடுத்தது வந்தது. அதுவரை அங்கே மிஞ்சியிருந்த சிலர் தாங்களாகவே கோட்டையைக் காத்தார்கள். அரசர் ஃப்ரெடெரிக் 4 அனுப்பிய சீகன்பால்கு 1705 நவம்பரில் இதே துறைமுகத்திலிருந்து கப்பலேறி 1706 ஜூலையில் இறங்கினார். 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்து சேரம்பூரும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்கப்பட்டன.

இந்த வணிகத்தின் அடையாளத்தை நேரில் பார்க்க, கிறிஸ்டியான்ஸ்ஹவ்னில் ஸ்ட்ராண்ட்கேட தெருவுக்குப் போங்கள். அங்குள்ள 'ஆசியாட்டிஸ்க் ப்ளாட்ஸ்' என்பதன் பொருள் ஆசியச் சதுக்கம். 1732இல் தொடங்கிய ஆசியக் கம்பெனியின் தலைமையகமும் 1750இல் முடிந்த பெரிய சரக்குக் கிடங்கும் இன்றும் நிற்கின்றன. இப்போது அவை வெளியுறவு அமைச்சகத்தின் வசம் இருப்பதால் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும்.

'பழைய ஊர்' என்கிறார்கள். வீடுகள் எல்லாம் இருநூறு வயதுக்கு மேல் தெரியவில்லையே?

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். இடைக்கால ஊர் மூன்று தவணையில் எரிந்துபோனது.

முதல் தீ 1728 அக்டோபர் 20 மாலை பிடித்து 23 வரை எரிந்தது. நகரத்தில் 28 சதவீதம் போயிற்று. பல்கலைக்கழக நூலகம் முழுதாக அழிந்தது. பழைய ஐஸ்லாந்து, டேனிஷ் கையெழுத்துப் படிகள் பல அதில் போயின. இரண்டாவது, 1795 ஜூன் 5 முதல் 7 வரை. கடற்படைக் கிடங்கில் தொடங்கி 900க்கும் மேற்பட்ட வீடுகளைத் தின்றது. மூன்றாவதை விபத்து என்று சொல்ல முடியாது. நெப்போலியன் கைக்கு டேனியக் கடற்படை போய்விடக்கூடாது என்று 1807 செப்டம்பர் 2 முதல் 5 வரை பிரிட்டன் ஊர்மேல் குண்டும் காங்கிரீவ் ராக்கெட்டும் பொழிந்தது. நடுநிலை நாட்டின் தலைநகரம் அது. கப்பல்களையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். (இந்த ராக்கெட்டுக்கு முன்மாதிரி மைசூர் ஹைதர், திப்பு படைகளின் இரும்புக்குழல் ராக்கெட்.)

1795 தீயின் தடயம் ஊர் முழுக்கக் கண்ணெதிரே இருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. பழைய நகரத்தில் ஏதாவது நாற்சந்தியில் நின்று மூலை வீடுகளைப் பாருங்கள். இரண்டு சுவரும் கூராகச் சந்திக்காது. மூலையைச் சாய்வாக வெட்டியதுபோல் ஒரு குட்டிச் சுவர் நடுவில் இருக்கும். தீயணைப்பு வண்டிகளின் நீள ஏணி குறுகிய தெருமுனையில் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டதால், இனிக் கட்டும் மூலை வீடு எல்லாம் முனை மழுங்கித்தான் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். மரச்சட்ட வீடு கட்டுவதும் அதோடு நின்றது. நியூடோர்வ் சதுக்கத்தில் எரிந்துபோன பழைய நகர மன்றத்தின் அடிச்சுவடு நடைபாதைக் கல்லிலேயே கோடாகப் பதிந்திருக்கிறது.

வட்டக் கோபுரத்தில் ஏறுவது கஷ்டமா? மேலே என்ன இருக்கிறது?

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஊரில் ஏற்ற கோபுரம் இதுதான். உயரம் 34.8 மீட்டர். ஆனால் படி கிடையாது. நடுத்தூணைச் சுற்றி ஏழரைச் சுற்றாகச் சுழலும் சாய்தளம், செங்கல் பாவியது. வெளிச்சுவரை ஒட்டி நடந்தால் 209 மீட்டர், தூணை ஒட்டி நடந்தால் அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் உள்பக்கம் சரிவு கூடுதல். ஏறும்போது வெளிப்பக்கமாகவே போங்கள். கடைசியில் மட்டும் ஒடுங்கிய படிக்கட்டு ஒன்று உண்டு.

சாய்தளம் அரசரின் வேடிக்கைக்காக அல்ல. உச்சியில் வானாய்வு நிலையம், கோபுரத்தை ஒட்டியுள்ள தேவாலயத்தின் மேல்மாடத்தில் பல்கலைக்கழக நூலகம். கனமான கருவிகளையும் புத்தக மூட்டைகளையும் வண்டியில் ஏற்ற வழி வேண்டியிருந்தது. 1728இல் எரிந்த நூலகம் இதுவே. 1716இல் ரஷ்யாவின் பீட்டர் பேரரசர் இதில் குதிரையிலேயே ஏறினார் என்பது ஊரார் சலிக்காமல் சொல்லும் கதை.

உள்ளே நுழையும் முன் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று முகப்பைப் பாருங்கள். பொன்னெழுத்தில் ஒரு விடுகதை இருக்கும்: லத்தீன் சொற்கள், நடுவே ஒரு வாள், எபிரேய மொழியில் கடவுளின் பெயரைக் குறிக்கும் நான்கெழுத்து, ஒரு சிவப்பு இதயம், முடி சூட்டிய அரச முத்திரை, 1642. சேர்த்துப் படித்தால் 'இறைவா, சரியான போதனையையும் நீதியையும் முடிசூடிய கிறிஸ்டியன் 4 அரசனின் இதயத்துக்குள் செலுத்து' என்று வரும். வரைந்தது அரசரேதான்; அவர் கைப்பட எழுதிய வரைவு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஒரே ஒரு அரண்மனைக்குத்தான் நேரம் இருக்கிறது. எது?

ரோசன்போர்க். மற்றவை பெரியவை, ஆனால் இங்கேதான் மனிதர்கள் தெரிகிறார்கள். 1644இல் கோல்பெர்கர் ஹைட கடற்போரில் கிறிஸ்டியன் 4க்கு வயது 67. குண்டுச் சிதறல் தெறித்து வலது கண் போனது. எழுந்து நின்று போரை நடத்தினார். அன்று உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த உடை இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. உடம்பிலிருந்து எடுத்த சிதறல் துண்டுகளைக் காதணியாகச் செய்து ஆசைநாயகி விபெக்க க்ரூசவுக்குக் கொடுத்தார். அந்தக் காதணியும் இருக்கிறது. நகைக்கடையில் யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்காத இரண்டு கறுத்த இரும்புத் துணுக்குகள்.

நிலவறையில் அரச நகைகளும் மணிமுடிகளும். மேல்மாடியில் அரியணை, 'ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பு' என்று அந்தக் காலத்தில் விற்ற நார்வால் திமிங்கலக் கொம்பால் செய்தது, முன்னால் மூன்று வெள்ளிச் சிங்கங்கள் காவல்.

நுழைவு நேரம் குறித்த சீட்டு என்பதால் முன்பதிவு நல்லது. கைப்பைகளைப் பெட்டகத்தில் வைக்கச் சொல்வார்கள். பழைய வீடு, குறுகிய படிகள். குழந்தைத் தள்ளுவண்டி உள்ளே போகாது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். சுற்றியுள்ள அரசர் தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது.

கடற்கன்னிச் சிலை ஏமாற்றமாக இருக்கும் என்கிறார்களே?

இருக்கும். 1.25 மீட்டர் உயரம், 175 கிலோ. கரையோரப் பாறையில் உட்கார்ந்திருக்கிறாள், பின்னணியில் துறைமுகத்தின் தொழிற்பகுதி. டேனிஷ் எழுத்தாளர் ஆன்டர்சனின் 1837 கதையை வைத்து நடந்த பாலே நாட்டியத்தில் மயங்கிய கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலை அதிபர் கார்ல் யாக்கோப்சன் செய்யச் சொன்ன சிலை. எட்வர்ட் எரிக்சன் வடித்து 1913 ஆகஸ்ட் 23 அன்று வைத்தார்கள். நாட்டியக்காரி ஆடையின்றி நிற்க மறுத்ததால் உடம்புக்கு மாதிரியாக நின்றது சிற்பியின் மனைவி எலின.

1964இலும் 1998இலும் தலையை அறுத்தார்கள், 1984இல் கையை, 2003இல் வெடிவைத்துத் தண்ணீரில் தள்ளினார்கள். ஒவ்வொரு முறையும் ஒட்டியோ மூல அச்சிலிருந்து புதிதாக வார்த்தோ சரிசெய்துவிடுகிறார்கள்.

இதற்கென்று தனியாகப் போகாதீர்கள். ஓஸ்டர்போர்ட் நிலையத்தில் இறங்கி, கஸ்டெலெட் என்ற நட்சத்திர வடிவ மண்கோட்டையின் மேட்டில் நடந்து (இலவசம், உள்ளே காற்றாலையும் சிவப்பு ராணுவக் குடியிருப்பும் உண்டு), போகிற வழியில் கன்னியைப் பார்த்துவிட்டு, கரையோரமாக அமாலியன்போர்க் அரண்மனை நோக்கி வாருங்கள். காலை ஒன்பதுக்கு முன் போனால் பேருந்துக் கூட்டம் இருக்காது.

அரண்மனைக் காவல் மாற்றம் எத்தனை மணிக்கு?

தினமும் 11:30க்கு ரோசன்போர்க் பக்கத்துப் படைவீட்டிலிருந்து அணிவகுத்துக் கிளம்பி, கடைத்தெருக்கள் வழியே நடந்து, பகல் 12 மணிக்கு அமாலியன்போர்க் வந்து சேர்வார்கள். சதுக்கத்தில் முன்வரிசைக்கு முண்டியடிப்பதைவிட 11:30க்குக் கிளம்பும் இடத்தில் நின்று கூடவே நடப்பது மேல். அரசர் ஊரில் இருந்தால் முழு வாத்தியக் குழு வரும். இல்லையென்றால் சத்தம் குறைவு.

அமாலியன்போர்க் என்பது ஒன்றல்ல, எண்கோணச் சதுக்கத்தைச் சுற்றி ஒரே மாதிரியான நான்கு மாளிகைகள். 1750களில் பிரபுக்களுக்காகக் கட்டியவை. 1794இல் கிறிஸ்டியான்ஸ்போர்க் எரிந்ததும் குடியிருக்க இடமில்லாத அரச குடும்பம் இவற்றை வாங்கிக் குடியேறியது. தற்காலிகமாக வந்தவர்கள் இன்னும் போகவில்லை.

நடுவில் குதிரைமேல் ஃப்ரெடெரிக் 5. பிரெஞ்சுச் சிற்பி சாலி 1753இல் தொடங்கி, 1771இல்தான் திறந்தார்கள். செலவு முழுதும் ஆசியக் கம்பெனியின் தலையில் விழுந்தது. அந்த ஆண்டுகளில் தரங்கம்பாடியும் அதே கம்பெனியின் கையில்தான் இருந்தது.

டிவோலி பூங்கா பெரியவர்களுக்கும் பிடிக்குமா?

சாயங்காலம் போனால் பிடிக்கும். விளக்கேற்றிய பிறகுதான் அதன் அழகு. 1843 ஆகஸ்ட் 15 அன்று கேயோர்க் கார்ஸ்டன்சன் தொடங்கினார். மக்கள் கேளிக்கையில் இருந்தால் அரசியலை நினைக்க மாட்டார்கள் என்று சொல்லி அரசரிடம் அனுமதி வாங்கினார் என்பார்கள். அப்போது அந்த இடம் மேற்குக் கோட்டைவாசலுக்கு வெளியே ராணுவ நிலம். போர் வந்தால் சட்டென்று இடித்துத் தள்ள வேண்டும் என்பதால் மரக் கட்டடத்துக்குத்தான் அனுமதி. உள்ளே இருக்கும் ஏரி பழைய அகழியின் ஒரு துண்டு. ஊரைச் சுற்றியுள்ள ஓர்ஸ்டெட் பூங்கா, தாவரவியல் தோட்டம், ஓஸ்ட்ர ஆன்லெக் ஆகியவற்றில் வளைந்து கிடக்கும் குளங்களும் அதே அகழிதான். 1853இல் காலரா வந்து 4,700 பேர் அளவில் இறந்தபிறகே, மதிலுக்குள் அடைந்து கிடந்தது போதும் என்று ஊரை வெளியே பரவவிட்டார்கள்.

1914இன் மர ரோலர் கோஸ்டர் இன்னும் ஓடுகிறது. வண்டியின் நடுவில் ஒருவர் உட்கார்ந்து கையால் பிரேக் போட்டுக்கொண்டே வருவார். கவனிக்க வேண்டியது: நுழைவுச் சீட்டு வேறு, ராட்டினங்களுக்குக் கட்டணம் வேறு. ஆண்டு முழுக்கத் திறந்திருக்காது. கோடை, ஹாலோவீன், கிறிஸ்துமஸ் என்று பருவம் பருவமாகத்தான்.

நியூஹவ்ன் வண்ண வீடுகளை எந்த நேரத்தில் படம் எடுப்பது?

வண்ண வீடுகள் வடகரையில் தெற்கு நோக்கி நிற்கின்றன. நீங்கள் தென்கரையில் நின்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். எந்த நேரமும் சரி. ஸ்வீடன் போர்க்கைதிகளை வைத்து 1670களின் தொடக்கத்தில் வெட்டிய கால்வாய் இது. மிகப் பழைய வீடு 9ஆம் எண், 1681. ஆன்டர்சன் 20, 67, 18 ஆகிய எண்களில் வெவ்வேறு காலத்தில் வாடகைக்கு இருந்தார். வடகரை உணவகங்களில் இடத்துக்கும் சேர்த்துத்தான் விலை. உள்ளூர்க்காரர்கள் கடையில் பானம் வாங்கி வந்து கரைக்கல்லில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஊர் முழுவதையும் உயரத்திலிருந்து பார்க்க எது நல்லது?

செலவில்லாமல் வேண்டுமென்றால் கிறிஸ்டியான்ஸ்போர்க் கோபுரம்: 106 மீட்டர், லிஃப்ட் உண்டு, இலவசம். பாதுகாப்புச் சோதனை வரிசையில் மட்டும் நிற்க வேண்டும். முந்தைய அரண்மனைகள் 1794இலும் 1884இலும் எரிந்தபின் வந்த கட்டடம் இது. நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், பிரதமர் அலுவலகம் மூன்றும் ஒரே கூரையின் கீழ்.

மனத்துணிவு உள்ளவர்களுக்குக் கிறிஸ்டியான்ஸ்ஹவ்னில் உள்ள மீட்பர் தேவாலயம். 90 மீட்டர், 400 படி; கடைசி 150 படி கோபுரத்துக்கு வெளியே, காற்றில். மேலே போகப் போகப் படி குறுகி, கடைசிப் படியில் ஒரு கால்தான் வைக்கலாம். இறங்குகிறவரும் ஏறுகிறவரும் ஒரே படியில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்கள் உள்கூட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். காற்று பலமாக இருந்தாலும் பனி பெய்தாலும் மூடிவிடுவார்கள். 1752இல் முடிந்த இந்தச் சுருளைத் தவறான திசையில் சுற்றிவிட்டதாகத் தெரிந்து கட்டியவர் குதித்து இறந்தார் என்பது கட்டுக்கதை; அதன்பிறகு அவர் ஏழு ஆண்டு இருந்து படுக்கையில் இறந்தார். இறங்கி வந்து தேவாலயத்துக்குள்ளும் எட்டிப் பாருங்கள், ஆர்கன் இசைக்கருவியை இரண்டு யானைகள் தாங்கி நிற்கும். டென்மார்க்கின் உயரிய விருதின் சின்னமும் யானைதான்.

நான்கு டிராகன் வால் முறுக்கிய கோபுரம் இப்போது இருக்கிறதா?

2024 ஏப்ரல் 16 காலை எரிந்து விழுந்தது. அது போர்சன் என்ற பழைய பங்குச்சந்தையின் கோபுரம். கட்டடத்தின் நானூறாம் ஆண்டை ஒட்டிப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோதே தீப்பிடித்தது. சாரமும் அதைச் சுற்றிய திரையும் இருந்ததால் வண்டிகள் நெருங்கச் சிரமப்பட்டன. இரண்டு நாள் கழித்து ஒரு பக்க வெளிச்சுவரும் சரிந்தது. தெருவில் போனவர்கள், ஊழியர்கள், எதிரே நாடாளுமன்றத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்து பழைய ஓவியங்களைத் தோளில் சுமந்து வெளியேற்றினார்கள். பழையபடியே கட்டி எழுப்பும் வேலை நடக்கிறது. பழைய புகைப்படம் பார்த்துவிட்டுத் தேடாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது? சீட்டில் என்ன தவறு நடக்கும்?

மெட்ரோவும் ரயிலும் இரண்டும் நிலையத்திலேயே கிடைக்கும். இரண்டும் கால் மணி நேரம்தான். விடுதி நியூஹவ்ன், கொங்கன்ஸ் நியூடோர்வ் பக்கம் என்றால் மெட்ரோ. மத்திய ரயில் நிலையம், டிவோலி பக்கம் என்றால் ரயில். மெட்ரோ ஓட்டுநர் இல்லாதது, இரவு முழுவதும் ஓடும்.

பயணிகள் மாட்டிக்கொள்வது இதில்தான்: எங்குமே தடுப்புக் கதவு கிடையாது. நேராக ஏறிவிடலாம். சோதகர் வந்தால் கடும் அபராதம், 'தெரியாது' என்பது எடுபடாது. விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு மூன்று மண்டலச் சீட்டு வேண்டும். செயலியில் ஏறும்போது செக் இன் செய்தவர்கள் இறங்கியதும் செக் அவுட் செய்ய மறந்துவிடுகிறார்கள். அதற்கும் காசு போகும்.

அதே சீட்டில் துறைமுகத்துக்குள் ஓடும் மஞ்சள் படகுப் பேருந்திலும் ஏறலாம். சுற்றுலாப் படகில் வர்ணனை கிடைக்கும், பாலங்களுக்கு அடியில் சின்னக் கால்வாய்களுக்குள் போகும். காட்சி மட்டும் போதும் என்றால் மஞ்சள் படகே போதும். பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச் சீட்டாக விற்கும் கோபன்ஹேகன் கார்டு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு நாளில் மூன்று கட்டண இடமாவது பார்த்தால்தான் லாபம்.

சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் காலை 8 மணிக் கூட்டத்தில் முதல்முறை இறங்காதீர்கள். விதிகள் சில:

- வலப்பக்கம் ஒட்டி ஓட்டுங்கள்; முந்துவது இடப்பக்கமாக. ஜோடியாக அரட்டையடித்தபடி போனால் பின்னால் மணி அடித்துக்கொண்டே வருவார்கள்.
- நிற்கப் போகிறீர்கள் என்றால் கையை உயர்த்திக் காட்டுங்கள். திடீர் பிரேக்தான் அதிக விபத்துக்குக் காரணம்.
- இடப்பக்கம் நேராகத் திரும்பக் கூடாது. சந்தியை நேராகக் கடந்து எதிர்மூலையில் நின்று, சைக்கிளைத் திருப்பி, அங்குள்ள பச்சை விளக்குக்குப் போக வேண்டும்.
- இருட்டினால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.

நடப்பவர்களுக்கும் ஒன்று: நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் தளம் சைக்கிளுடையது. பேருந்திலிருந்து இறங்கியதும் அதில் நின்று வரைபடம் பார்ப்பதுதான் வெளியூர்க்காரர் என்பதற்கு அடையாளம்.

எந்த மாதம் போகலாம்?

மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை. ஜூனில் அதிகாலை 4:30க்கு விடிந்து இரவு 10 மணிக்குத்தான் பொழுது சாயும். டிசம்பரில் 8:30க்கு விடிந்து 3:40க்கு இருட்டிவிடும். குளிரைவிடக் காற்றுதான் பிரச்சினை. ஊர் தட்டையானது, தடுக்க மலை இல்லை. குடை கவிழ்ந்துவிடும், தலைமறைப்போடு கூடிய மழைச்சட்டை எடுத்துப் போங்கள். கோடையில் துறைமுகத் தண்ணீரில் குளிக்கலாம். இஸ்லாண்ட்ஸ் ப்ரூக்க என்ற இடத்தில் 2002 முதல் குளியல் துறை இருக்கிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

திண்டாட்டம் இல்லை. 'ஸ்மோர்ப்ரோட்' என்பது ரை என்ற தானியத்தில் சுட்ட ரொட்டித் துண்டின்மேல் வெண்ணெய் தடவி அடுக்கித் தருவது. உருளைக்கிழங்கு வைத்தது எல்லாக் கடையிலும் உண்டு. மேலே பன்றி இறைச்சித் துருவல் தூவும் வழக்கம் இருப்பதால் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கையால் எடுக்காமல் கத்தி, முள்கரண்டியால் சாப்பிடுவார்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் அதற்கு முன்பணம் பிடித்திருப்பார்கள். காலி பாட்டிலைப் பல்பொருள் அங்காடி இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். ரொக்கம் பெரிதாகத் தேவைப்படாது.

மால்மோவுக்கு ஒரு நடை போய்வரலாமா?

தாராளமாக. ரயிலில் 40 நிமிடம், ஆனால் ஸ்வீடன் வேறு நாடு. பாஸ்போர்ட்டை விடுதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 2000 ஜூலை 1 அன்று திறந்த ஓரெசுண்ட் இணைப்பு முழுவதும் பாலமல்ல: ஸ்வீடன் பக்கம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் பாலம், நடுவில் செயற்கைத் தீவு, டென்மார்க் பக்கம் 4 கிலோமீட்டர் கடலடிச் சுரங்கம். விமான நிலையம் ஒட்டியே இருப்பதால், 200 மீட்டர் உயரப் பாலத் தூண்கள் விமானங்களுக்கு இடைஞ்சலாகும் என்றே அந்தப் பக்கம் தண்ணீருக்கு அடியில் போனார்கள். 1943 அக்டோபரில் நாஜிகளிடமிருந்து தப்ப ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை மீன்பிடிப் படகுகளில் அக்கரை சேர்த்ததும் இந்த நீரிணையில்தான்.

இன்னும் அரை நாள் மிச்சமிருந்தால்?

ரோஸ்கில்ட. ரயிலில் அரை மணி நேரம். ஐந்து வைகிங் கப்பல்கள் உள்ள அருங்காட்சியகமும் அரசர்களை அடக்கம் செய்யும் செங்கல் பேராலயமும் அங்கே. கிறிஸ்டியன் 4 தனக்கென்று தனிச் சிற்றாலயம் கட்டிக்கொண்டார். ஆனால் அதன் உட்புற அலங்காரம் முடிவதற்குள் 1648 பிப்ரவரியில் ரோசன்போர்க்கில் இறந்துவிட்டார். கருஞ்சவப்பெட்டியின்மேல் அவர் வாள் கிடக்கிறது. அவர் கண்மூடியபோது மணிமுடி ஹாம்பர்க் லேவாதேவிக்காரரிடம் அடகில் இருந்தது. அதை மகன் ஃப்ரெடெரிக் மீட்ட பிறகுதான் முடிசூட்டு விழா நடந்தது. ரோசன்போர்க் நிலவறையில் கண்ணாடிக்குள் மின்னுவது அந்த முடிதான்.